ஏ.சி. போட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு காகிதத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். தொந்தரவு ஏ.சி. போட்டு எவ்வளவு நேரத்தில் தொடங்குகிறது? அந்த அறையை விட்டு வெளியே போனால் எவ்வளவு நேரத்தில் விடுகிறது? அதே அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் இருக்கிறதா? ஐந்து நிமிடத்தில் வருவது ஒரு பழுது, ஐந்து மணி நேரம் கழித்து வருவது வேறு பழுது, ஐந்து நாள் கழித்து வருவது முற்றிலும் வேறு. இந்த நேரக்கணக்கு கையில் இல்லாமல் செய்யும் சர்வீஸ், பெரும்பாலும் ஃபில்டரைக் கழுவி மாட்டுவதோடு முடிந்துவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். டார்ச், ஊதுபத்தி, ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர், ஒரு லிட்டர் அளவுக் குவளை. அலுவலகமென்றால் கரியமில வாயு மீட்டர் ஒன்றும் வேண்டும். அகச்சிவப்பு சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விலை மலிவானவற்றில் பல, வேறு ஆவிகளை மோப்பம் பிடித்துக் கரியமில வாயுவை ஊகித்துச் சொல்பவை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் புழுக்கமான நாளில் 1.5 டன் ஸ்பிளிட் ஏ.சி. மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். அந்தத் தண்ணீர், காற்றைக் குளிர்விக்கும் தூசி படிந்த குழாய்ச் சுருளான ‘காயில்’ வழியாக இறங்கி, ட்ரேயில் விழுந்து, பைப்பில் வெளியேற வேண்டும். கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவை, அது போக வேண்டிய வழியில் போகாமல் எங்கோ தங்குவதால் வருபவை.

போட்டவுடன் ஈரத்துணி நாற்றம், பத்து நிமிடத்தில் குறைகிறது. தும்மல், மூக்கில் நீர்

காயிலும், காற்றை அறைக்குள் தள்ளும் ப்ளோயரும் அழுக்கு. முந்தைய இரவு ஏ.சி.யை நிறுத்தியபோது காயில் நனைந்தபடியே இருட்டில் கிடந்தது. தூசியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் வகைப் பூஞ்சைகளும் பாக்டீரியாவும் படலமாகப் படிகின்றன. மறுநாள் காயில் மீண்டும் நனையும்போது, உலர்ந்த பரப்பில் ஒட்டியிருந்த வாசனைப் பொருள்களைத் தண்ணீர் தள்ளிவிடுகிறது. அதனால்தான் முதல் சில நிமிடங்களில் மட்டும் மூக்கைத் துளைக்கிறது. நாற்றம் அடங்கிவிட்டால் படலமும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

உறுதி செய்வது எளிது. எம்.சி.பி.யை அணைத்து, காற்று வெளிவரும் வாய்க்குள் டார்ச் அடித்து, வெள்ளை டிஷ்யூவால் ப்ளோயர் உருளையின் இதழ்களைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாகக் களிம்பு போல ஒட்டினால் ஃபில்டர் கழுவுவதெல்லாம் வீண். அந்த நைலான் வலை தலைமுடியையும் பஞ்சையும் பிடிக்கும். இரண்டு மூன்று மைக்ரான் அளவுள்ள பூஞ்சை விதைத்துகள் அதன் கண்ணுக்குள் சர்வசாதாரணமாக நுழைந்து போகும்.

சர்வீஸ் இந்த வரிசையில் நடக்கட்டும்:

1. ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் அறையை விட்டு வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வேலை செய்பவர் என்-95 முகக்கவசம் போட வேண்டும். வெறும் காற்றை ஊதிச் சுத்தம் செய்வதை அனுமதிக்காதீர்கள். காயிலில் இருந்தது அத்தனையும் மெத்தைக்கு வந்துவிடும்.
2. எலக்ட்ரானிக் போர்டு உள்ள பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, யூனிட்டுக்குக் கீழே சர்வீஸ் பையைக் கட்ட வேண்டும்.
3. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி அளவில் மென்மையான பாத்திரம் கழுவும் திரவம், அல்லது அமிலமும் காரமும் இல்லாத காயில் நுரை. தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, ஃபின் எனப்படும் காயிலின் மெல்லிய தகடுகள் நிற்கும் திசையிலேயே மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும்.
4. குறைந்த அழுத்தத் தண்ணீர். பைக் கழுவும் கன்னைக் கொண்டுவந்தால் ஃபின் மடங்கும், அழுக்கும் காயிலின் நடுவில் போய் அடைத்துக்கொள்ளும். பையில் விழும் தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும்; பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கும்.
5. ப்ளோயரைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவுவதே சரி. முடியாவிட்டால் கையால் சுழற்றியபடி ஒவ்வொரு இதழாக.
6. ட்ரே. பல ஸ்பிளிட் யூனிட்களில் முன்னால் தெரிவது ஒன்று, காயிலின் பின்னால் மறைந்திருப்பது இன்னொன்று. நாற்றம் திரும்பத் திரும்ப வரும் யூனிட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பின்ட்ரேயைத்தான்.
7. கடைசியில் ஃபேன் மோடில் அரை மணி நேரம் ஓடவிட்டு உலர்த்துதல்.

பிளீச்சிங் கரைசல் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். வீட்டு வைத்தியமாகப் பலரும் சொல்லும் வினிகரும் வேண்டாம். அதன் அமில ஆவி செம்புக் குழாயில் எறும்புப் புற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும். பிறகு ஏன் கேஸ் நிற்கவில்லை என்று யாருக்கும் புரியாது. வாசனை ஸ்பிரே நாற்றத்தை மூடும், அவ்வளவுதான்.

ஒரு மாதத்துக்குள் நாற்றம் திரும்பினால் காயில் உலரவில்லை என்று பொருள். காலையில் நிறுத்தும்போது ஜன்னலைத் திறந்து, பதினைந்து நிமிடம் ஃபேன் மோடில் ஓட்டி அணையுங்கள். சில மாடல்களில் இது தானாகவே நடக்கும். இதை நடு இரவிலோ பகலில் இடையிடையோ செய்யாதீர்கள்: காயிலில் நிற்கும் ஈரம் மறுபடி அறைக்கே திரும்பி வரும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், சாலையோர வீடென்றால் தண்ணீர் சர்வீஸை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் செய்வது நியாயமான கணக்கு. கார் ஏ.சி.யிலும் இதே கதைதான்: வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே ஏ.சி. பொத்தானை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள்.

சாக்கடை நாற்றம்

இது காயில் பழுதல்ல. ட்ரெயின் பைப்பைக் குளியலறைச் சாக்கடைக் குழாயில் நேராகச் செருகியிருப்பார்கள். ப்ளோயர் இழுக்கும்போது சாக்கடைக் காற்று பைப் வழியே மேலேறும். பைப்பின் வாயருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போனால் சந்தேகமே வேண்டாம். பைப்பை வெட்டி, தண்ணீர் தேங்கும் ட்ராப்புக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே திறந்தவெளியில் முடியுங்கள். பக்கெட் தண்ணீருக்குள் முனை மூழ்கும்படியும் விடக்கூடாது, காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் ட்ரேயிலேயே நிற்கும். அந்த பக்கெட்டையும் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும்; பகலில் ஏ.சி. அறையில் கொசு கடிக்கிறது என்றால் பிறந்த இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே தண்ணீர் சொட்டுகிறது. ட்ரேயில் சளி போல வழுவழுப்பு

ஸ்பிளிட்டில், பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறங்கிக்கொண்டே போகிறதா, நடுவில் தொய்ந்து வயிறு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ட்ரேயில் மெல்ல ஊற்றினால் தேங்காமல் வடிய வேண்டும். தேங்கினால் வெளிமுனையில் வேக்குவம் கிளீனரை வைத்து இழுத்துவிடுங்கள். உள்ளிருந்து ஊதினால் அடைப்பு இன்னும் இறுகும்.

அலுவலகம், மருத்துவமனை, திருமண மண்டபம் ஆகியவற்றில், காற்றைக் குளிர்வித்துக் காற்றுக்குழாய் (டக்ட்) வழியே பல அறைகளுக்கு அனுப்பும் பெரிய பெட்டியான ஏ.எச்.யூ.வில் விஷயம் வேறு. ஃபேன் ஓடும்போது ட்ரேயில் தண்ணீர் நிற்கிறது. ஃபேனை நிறுத்தியதும் குபுகுபுவென்று வடிகிறது. இதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் போதும், ட்ரெயினில் தண்ணீர் நின்று காற்றை மறிக்கும் யு வடிவ வளைவு (யு-ட்ராப்) இல்லை அல்லது ஆழம் போதவில்லை என்று அர்த்தம். காயிலுக்குப் பின்னால் ஃபேன் இழுக்கும் வகையில் ட்ரேயின் இடம் உறிஞ்சும் அழுத்தத்தில் இருக்கிறது. வெளிக்காற்று பைப் வழியே உள்ளே ஏறுவதால் தண்ணீர் இறங்க முடிவதில்லை.

கணக்கு இப்படி: உறிஞ்சும் அழுத்தம் 50 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு என்றால், ட்ரே வாயிலிருந்து ட்ராப்பின் வெளிவாய்வரை 25 சேர்த்து 75 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். வெளிவாய்க்குக் கீழே ட்ராப்பின் வளைவு அதில் பாதி, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். நீண்ட விடுமுறைக்குப் பிறகு மறுபடி ஓட்டும்போது ட்ராப் வற்றியிருக்கும், ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள். அந்த வழுவழுப்பு பாக்டீரியாப் படலம். தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் அதன் துணுக்குகள் டக்ட் வழியாக எல்லா மாடிக்கும் போகும்.

சுவரில், பீரோவுக்குப் பின்னால், கிரில்லைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள், இரவில் மூச்சிரைப்பு

வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதாவது 26-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பை அது தொட்டாலும் வியர்க்கும். அறையை 20 டிகிரியில் வைத்துத் தூங்குகிறவர் வீட்டில், கதவிடுக்கில் நுழையும் ஒவ்வொரு மூச்சுக் காற்றும் சுவரில் தண்ணீராகிறது. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சைக்கு வேறு எதுவும் வேண்டாம்; பெயின்டும் தூசியும் அதற்குச் சாப்பாடு.

புள்ளி எங்கே இருக்கிறது என்பதே பாதி பதில். கிரில்லைச் சுற்றி மட்டும் இருந்தால், மிகக் குளிர்ந்த காற்று வெளிவரும் இடத்தில் அறைக்காற்று மோதி வியர்க்கிறது. பீரோவுக்குப் பின்னால் என்றால் காற்றோட்டம் போதவில்லை. பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். அடுத்த அறையின் சுவரில் இருந்தால், உங்கள் குளிர்ச்சி சுவரைக் கடந்து அங்கே வியர்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் குழாய் கசிகிறதென்று பிளம்பரைத் தேடிக்கொண்டிருப்பார். ஓட்டல் அறையில் பிளாஸ்டிக் வால்பேப்பருக்குப் பின்னால் என்றால் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் குற்றவாளி: உள்ளே விடும் காற்றைவிட அதிகம் வெளியே தள்ளுவதால், சுவர் இடுக்கெல்லாம் வெளிப்புழுக்கத்தை உறிஞ்சுகிறது.

அடுத்து மீட்டரைப் பாருங்கள். கேட்ட வெப்பநிலை வந்தபிறகும் ஈரப்பதம் 65-ஐத் தாண்டி நின்றால், ஏ.சி. அறைக்குப் பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம். 100 சதுர அடி அறையில் 2 டன்னை மாட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், தண்ணீரைப் பிழிய நேரமே இருக்காது. ஃபேன் வேகத்தைக் குறைத்து ‘ட்ரை’ மோடில் ஓட்டிப் பாருங்கள். அறையை 24–26-இல், ஈரப்பதத்தை 60-க்குக் கீழே வைப்பதே குறி. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் ஸ்டார் முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி மின்சாரச் சிக்கனத்துக்காக வந்தது. சுவருக்கும் அது நல்லதே செய்கிறது.

சிறிய திட்டு என்றால் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி, பிறகு பெயின்ட். மேலேயே பெயின்ட் அடித்தால் மூன்று மாதம் தாங்காது. ஜிப்ஸம் சீலிங் இரண்டு நாளுக்கு மேல் நனைந்து கிடந்திருந்தால் வெட்டி எடுப்பதுதான் ஒரே வழி. கொன்றால் போதும் என்று மருந்தடிப்பதில் பயனில்லை. செத்த பூஞ்சையாலும் நமக்கு ஒவ்வாமை வரும்.

பிற்பகலில் தலைபாரம், தூக்கம். வெளியே வந்தால் கால் மணியில் தெளிகிறது

கிருமியைத் தேடாதீர்கள், காற்றைத் தேடுங்கள். சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை ஒரு துளிகூட உள்ளே கொண்டுவருவதில்லை. பின்புறக் குழாயில் வருவது கேஸ்தான், காற்றல்ல. இது தெரியாமல் ஏ.சி. வாங்கியவர்கள் ஏராளம்.

வெளியே கரியமில வாயு ஏறக்குறைய 420 பி.பி.எம்., அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று கிடைக்கும் அலுவலகத்தில் 950 அளவில் நிற்கும். 10-க்கு 12 அடிப் படுக்கையறையில் கதவைச் சாத்தி இருவர் தூங்கினால் விடிவதற்குள் 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவில் அது விஷமல்ல. மற்றவர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதற்கு அளவுகோல். அமெரிக்காவில் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க, அலுவலகக் காற்று விதியை ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடிவரை இறக்கினார்கள். புகார்கள் பெருகியதும் 1989-இல் 15-க்கு மேலேற்றினார்கள்.

வீட்டில் கதவடியில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியும் விரலளவு திறந்த ஜன்னலும் நிறைய மாற்றும். அலுவலகத்தில் ஃபில்டருடன் ஆறு அங்குல ஃபேன் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளுங்கள். காற்று விழும் இடம் ஏ.சி. உறிஞ்சும் பக்கத்துக்கு அருகில் இருக்கட்டும்; அப்போது புழுக்கம் சுவரில் படியாமல் காயிலில் படியும். சீலிங்கில் பதிக்கும் கேசட் ஏ.சி.யில் வெளிக்காற்றுக் குழாய்க்கென்றே ஒரு துளை பலவற்றில் உண்டு. மாட்டும்போது யாரும் திறப்பதில்லை.

ஒருவருக்குச் சளி பிடித்தால் அறை முழுக்கப் பிடிக்கிறது

மேலே சொன்ன பழுதின் அண்ணன் இது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்ஜோ நகர உணவகம் ஒன்றில், ஏ.சி. காற்று வீசிய திசையில் அடுத்தடுத்து இருந்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேருக்குக் கொரோனா வந்தது. வெளிக்காற்று இல்லாமல் அந்த மூலைக்குள்ளேயே காற்று சுழன்றதுதான் காரணம். 1974-இல் நியூயார்க் மாநிலப் பள்ளி ஒன்றில், தட்டம்மை வந்த ஒரே சிறுமியிடமிருந்து பதினான்கு வகுப்பறைகளில் 28 குழந்தைகளுக்குப் பரவியது. பல பேர் அவளோடு ஒரே அறையில் இருந்ததுகூட இல்லை. உள்காற்றையே திருப்பி அனுப்பிய காற்றுக்குழாய் அந்த வேலையைச் செய்தது.

ஊதுபத்தியை நோயாளி உட்காரும் இடத்தில் ஏற்றி, புகை யார் முகத்துக்குப் போகிறது என்று பாருங்கள். இருக்கையை மாற்றுவதே சில இடங்களில் போதும். அறையின் காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால், மிதக்கும் கிருமிகளில் 99 சதவீதம் நீங்க 138 நிமிடம் ஆகும். ஆறு முறை மாறினால் 46 நிமிடம். வெளிக்காற்றுக்கு வழியே இல்லாவிட்டால் தனியாக, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள சுத்திகரிப்பான்: மணிக்கு 250 கன மீட்டர் தள்ளுவது, மேலே சொன்ன படுக்கையறைக்கு மணிக்கு ஏழு மாற்றத்துக்குச் சமம். ஸ்பிளிட்டின் வலைமேல் தடித்த ஃபில்டரை ஒட்டாதீர்கள். காற்று குறைந்து காயிலில் ஐஸ் கட்டும். கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு, காசநோய் மிகுந்த நம் நாட்டில், மூடிய ஏ.சி.யைவிடத் திறந்த ஜன்னலும் ஃபேனுமே மேல் என்பது எங்கள் கருத்து.

வேலைக்கு வந்து நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், வறட்டு இருமல்; ஞாயிறு சரியாகி, திங்கள் திரும்புகிறது

இதைச் சளி என்று விட்டுவிடக்கூடாது. நுரையீரல் திசுவே ஒவ்வாமையில் வீங்கும் நோய் இது. அலுவலக ஏ.சி.யில் வளர்ந்த வெப்பவிரும்பி ஆக்டினோமைசீட் பாக்டீரியாவால் இது வந்ததை 1970-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்தனர். முதல் வேலை அந்த ஆளை அந்த அறையிலிருந்து எடுப்பது. யூனிட்டைக் கழுவி முடியும்வரை காத்திருக்க வைக்காதீர்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பு விழும், அது திரும்பாது. நுரையீரல் மருத்துவரிடம் நேரக்கணக்கு எழுதிய காகிதத்தைக் கொடுங்கள், எக்ஸ்ரேயைவிட அது பேசும்.

தேட வேண்டிய இடங்கள்: தேங்கிய ட்ரே, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர், நனைந்த டக்ட் உட்பூச்சு. டக்டின் உள்ளே ஒட்டிய நார்ப்பஞ்சு நனைந்துவிட்டால் சுத்தம் செய்ய முடியாது, பெயர்த்து மாற்றத்தான் வேண்டும். விண்டோ ஏ.சி.யின் பின்னால் புறாக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். புறா எச்சமும் இறகுத்தூளும் இதே நோயைத் தரும். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். நனைத்து, முகக்கவசத்துடன் அள்ளுங்கள்.

கண் எரிச்சல், தொண்டை வறட்சி

ஈரப்பதத்தை அளந்துவிட்டுப் பேசுங்கள். நம் கடலோரத்தில் அது அநேகமாக 50-க்கு மேலேதான் இருக்கும். ஹியூமிடிஃபையர் வாங்கினால் மேலே சொன்ன எல்லாப் பழுதையும் விலைக்கு வாங்கியதாகும். காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா என்று பார்த்து இதழ்களைத் திருப்புங்கள். அதோடு முடிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் யாராவது வந்து கிருமி வளர்க்கும் அகார் தட்டைத் திறந்து வைத்து, முளைத்த புள்ளிகளை எண்ணிப் பயமுறுத்துவார்கள். வெளிக்காற்றில் வைத்த தட்டோடு ஒப்பிடாத எண்ணிக்கைக்குப் பொருளில்லை. ஓசோன் எந்திரம் நுரையீரலை எரிச்சலூட்டும். புற ஊதா விளக்கு ஏ.எச்.யூ.வின் ஈரக் காயில்மேல் நாள்முழுக்க எரிந்தால் படலம் கட்டாமல் காக்கும்; ஸ்பிளிட்டுக்குள் விரைந்தோடும் காற்றில் உள்ள கிருமியைக் கொல்லும் என்ற விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரே கட்டடத்தில் இரண்டு பேருக்கு நிமோனியா

வீட்டு ஸ்பிளிட்டை விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போங்கள். இந்த நிமோனியாவைத் தரும் லெஜியனெல்லா பாக்டீரியா வளர்வது 25 முதல் 45 டிகிரித் தண்ணீரில். பரவுவது அந்தத் தண்ணீர் நுண்துளியாகத் தெறிக்கும்போது. ஸ்பிளிட்டின் குளிர்ந்த சொட்டுத் தண்ணீர் இரண்டுக்கும் ஒத்துவராது. பெரிய கட்டட ஏ.சி.யின் சூடான தண்ணீரைக் காற்றில் தெளித்துக் குளிர்விக்கும் கூலிங் டவர் இரண்டுக்கும் ஒத்துவரும். 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஓட்டலில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தது. 221 பேர் நோயுற்று 34 பேர் இறந்தனர். ஆறு மாதம் கழித்து 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் அந்த பாக்டீரியாவை அடையாளம் கண்டார். குளிர்நாடுகளில் கோடையில் பயப்படுவார்கள். சென்னையில் டவர் தொட்டித் தண்ணீர் அநேகமாக ஆண்டு முழுக்க 25-க்கு மேலே.

நோய் தெரிவது தண்ணீர்த்துளியை மூச்சில் இழுத்து இரண்டு முதல் பதினான்கு நாளில். மருத்துவரிடம் கட்டடத்தின் பெயரையும் டவர் இருப்பதையும் சொல்லுங்கள். பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யாது. அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்றவையே கேட்கும். சிறுநீர்ப் பரிசோதனை இந்த பாக்டீரியாவின் முதல் ரகத்தை மட்டுமே பிடிப்பதால், ‘இல்லை’ என்று வந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது என்பதால், படுத்தவரை விலக்கி வைப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம்.

டவரில் எல்லோரும் செய்யும் தவறு, பயத்தில் உடனே தண்ணீரைத் திறந்துவிடுவது. சாட்சியே சாக்கடையில் போய்விடும். டவர் ஃபேனையும் பம்ப்பையும் நிறுத்துங்கள். சோடியம் தயோசல்ஃபேட் போட்ட தூய பாட்டிலில் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மாதிரி எடுங்கள். அந்த உப்பு குளோரினை முறிக்காவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, ஆய்வகம் ‘சுத்தம்’ என்று எழுதிவிடும். பொதுச் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுங்கள். அதன் பிறகு ஃபேனைத் தொடாமல் பம்ப்பை மட்டும் ஓட்டி, தனி குளோரின் (கிருமியைக் கொல்லத் தண்ணீரில் மிஞ்சி நிற்பது) 5 பி.பி.எம்.-க்குக் குறையாமல் ஆறு மணி நேரம் சுற்றவிடுங்கள். பி.எச். 8-ஐத் தாண்டினால் குளோரினுக்குப் பல் இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வடித்து, சேற்றையும் பாசியையும் ஈரமாகவே தேய்த்து எடுத்து, நிரப்பி, இன்னொரு முறை. யாரும் பயன்படுத்தாத முட்டுக்குழாய் இருந்தால் வெட்டி மூடுங்கள், அங்கே குளோரின் போகாது.

தெறிப்பைத் தடுக்கும் தட்டுகள் உடைந்திருக்கின்றனவா? ஏ.எச்.யூ.வின் வெளிக்காற்று வாய் டவர் ஊதும் இடத்திலிருந்து ஏழரை மீட்டருக்குள் இருக்கிறதா? இருந்தால் நகர்த்தும் வரை டவரை ஓட்டாதீர்கள். மறுபடி ஓட்டிய பிறகு மாதிரி எடுப்பது மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு ஒருமுறை. இடையில் ஒருமுறை மாதிரியில் கிருமி வந்துவிட்டாலும் கணக்கு முதலிலிருந்து.